பாம்புக்கடிச் செய்தியில் நான் வெட்டிய வரி

எங்கள் பல்கலைக்கழகம் தன் சிறந்த ஆய்வுகளைத் தொகுத்து விழா மலர் ஒன்று போடுகிறது. அதற்கு நான் ஒரு கட்டுரை தர வேண்டும் என்று நிவேதா தொலைபேசியில் கேட்டார். வெளியீட்டுப் பிரிவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் அவர்.

"ஆராய்ச்சிய ஜனங்களுக்குப் புரியற மாதிரி எழுதறது எப்படின்னு எழுதுங்க சார். உங்க குறிப்பையெல்லாம் வெச்சுத்தான் நாங்க இன்னும் கத்துக்கறோம். கொஞ்சம் ஜாலியா இருக்கட்டும்."

கூடவே மலரின் அச்சுப்படியையும் அனுப்பியிருந்தார். மருத்துவப் பகுதியைப் பார்த்ததும் கோபம் வந்தது. அந்த மலருக்காக எழுதத் தொடங்கிய கட்டுரைதான் இது. அங்கே இதற்கு இடம் இல்லை என்று ஆனபின் இந்தப் பத்திரிகையில் வருகிறது.

நான் வேதியியலில் முதுகலை படித்தவன். ஆராய்ச்சியில் சேர்ந்து பாதியில் விட்டவன். வீட்டு நிலைமை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்குப் பொறுமை இல்லை. ஒரே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, அது வராமல் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார என்னால் முடியவில்லை. எழுத்து வந்தது. அதே பல்கலைக்கழகத்தின் வெளியீட்டுப் பிரிவில் உதவி ஆசிரியர் வேலை கிடைத்தது. திருத்தணியில் குடியிருந்துகொண்டு, ஓய்வு பெறும்வரை சென்னைக்கு ரயிலில் போய்வந்தேன். அரக்கோணத்தில் ஏறும் ரயில்வேக்காரர்கள் சீட்டாடும் பெட்டியில் உட்கார்ந்தபடியே பாதி வேலையை முடித்துவிடுவேன்.

வேலை இதுதான். துறை துறையாகப் போய், முடிந்த ஆய்வுகளில் முக்கியமானதைத் தெரிந்துகொண்டு, தமிழில் அரைப் பக்கச் செய்திக்குறிப்பாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்ப வேண்டும். ஆண்டு முடிவில் அவற்றையே தொகுத்துப் புத்தகமாகப் போடுவோம். ஒரு நாள் நண்டின் ஓடு, மறுநாள் செப்பேடு. ஒரு வாரம் பழைய ஏரிகளின் மதகு, அடுத்த வாரம் இரும்பில் துரு. மொழியியல் துறைப் பையன் ஒருவன் எங்கள் தெருவுக்கே வந்து, தமிழ் பேசும் வீட்டில் அப்பாவை ஏன் நைனா என்கிறீர்கள், அக்காள் கணவரை ஏன் பாவா என்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டான். எதிர்வீட்டுக்காரர், "எங்க பாவாவ நா இன்னான்னு கூப்புட்டா உனக்கு இன்னாப்பா? கவர்மெண்ட்டுல இதுக்குக்கூடவா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டதை அவன் தன் ஆய்வேட்டில் உதாரண வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டான். அந்த வேலையை நான் நேசித்தேன். ஒரு மனிதனுக்கு இத்தனை துறைகளை எட்டிப்பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்?

ஆய்வாளரிடம் மூன்று கேள்விகள் கேட்பேன். என்ன தெரிந்துகொள்ளப் போனீர்கள்? என்ன தெரிந்தது? அதனால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் நிற்கிறவருக்கு என்ன ஆகப்போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பலரிடம் பதில் இருக்காது. தேடி எடுத்துக் கொடுப்பேன். வரைவை ஆய்வாளர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு அது எங்கள் இயக்குநரிடம் போகும். அவர் பார்த்தபின் நேராகப் பத்திரிகைக்கு. இயக்குநர் திருத்தியது ஆய்வாளரிடம் மறுபடி போவதில்லை. அந்த வழக்கம் யார் ஏற்படுத்தியது என்று தெரியாது. அதை மாற்ற வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இயக்குநர் கெட்டவர் இல்லை. என் அப்பா இறந்தபோது ரயிலேறி வந்து, பாடைக்குத் தோள் கொடுத்து, சுடுகாடுவரை நடந்தவர். யாரையும் குரலுயர்த்திப் பேசமாட்டார். என் வரைவை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்று, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல உரக்கப் படிப்பார். 'இல்லை', 'முடியவில்லை', 'கூடாது' என்று ஏதாவது வந்தால் அங்கே நின்றுவிடுவார். திட்டமாட்டார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். நான் "மாத்திடறேன் சார்" என்று சொல்லும்வரை அந்த அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். சொன்னதும் சிரித்துக்கொண்டு தேநீர் வரவழைப்பார்.

தொடக்கத்தில் ஒருமுறை எதிர்த்துப் பேசிப் பார்த்தேன்.

"நடக்கலைன்னு தெரிஞ்சுக்கிட்டதும் ஒரு முடிவுதானே சார்?"

"அது உனக்கும் எனக்கும்ப்பா. பால்காரன்ல இருந்து பஸ் கண்டக்டர் வரைக்கும் குடுக்கற வரிப்பணத்துல ஆராய்ச்சி நடக்குது. இத்தனை செலவு பண்ணி 'ஒண்ணும் இல்ல'ன்னு சொன்னா, அப்ப எதுக்குடா நீங்கன்னு கேப்பான். அடுத்த வருஷம் மானியத்த வெட்டுவான். உனக்குப் பரவால்லையா?"

எனக்குப் பரவாயில்லை என்று சொல்லத் தெரியவில்லை. சீக்கிரமே அந்தக் கலையில் தேர்ந்துவிட்டேன். திட்டம் பலன் தரவில்லை என்று ஆய்வு சொன்னால், திட்டத்தைப் பற்றிய விழிப்புணர்வு கூடியிருக்கிறது என்று எழுதுவேன். தண்ணீர் குடிக்கத் தகுதியற்றது என்றால், தண்ணீரை மேம்படுத்தும் வழிகள் ஆராயப்படுகின்றன என்பேன். பொய் ஒரு சொல்கூட இருக்காது. அதில்தான் எனக்குப் பெருமை. புதிதாக வருகிறவர்களிடம் இயக்குநர் என்னைக் காட்டி, "இவன்கிட்ட கத்துக்கங்க" என்பார்.

நிறுத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு வந்தது. இயற்பியல் துறையில் சாயம் போட்ட நூலை உலர்த்த ஒரு சூரிய வெப்பப் பெட்டி செய்தார்கள். மூட்டமும் ஈரமுமான நாட்களில் அது உதவவில்லை என்று ஆய்வேடு தெளிவாகச் சொல்லியிருந்தது. நெசவாளருக்கு அது வேண்டியிருப்பதோ அந்த நாட்களில்தான். நான் 'வெயில் நாட்களில் சிறப்பாக உலர்த்துகிறது' என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டுப் பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஒருவர் தானே ஒரு பெட்டி செய்து வைத்தார். பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"வெயில் நாள்ல கொடியில போட்டாகூடத்தான் சார் நல்லா காயுது. அதுக்கு இன்னாத்துக்குப் பொட்டி? இப்ப அதுல கோழி அடை படுத்துனு கீது. அதுக்கு ரொம்ப சௌகர்யமா கீதாம், உங்ககிட்ட சொல்லச் சொல்லிச்சு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் மறந்துவிட்டேன்.

ஹேமாவதி அதற்கடுத்த ஆண்டு வந்தார். உயிர்வேதியியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர், ஆரணிப் பக்கத்துப் பெண். நான் திருத்தணிக்காரன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"உங்க ஊர்ப் பக்கம்தான் சார் என் செடி. ஆர்.கே.பேட்டையாண்ட ஒரு வைத்தியர் பாம்புக்கடிக்கு அத்தத்தான் சாறு புழிஞ்சு குடுக்கறாரு. கேட்டதும் வேரோட புடுங்கிக் குடுத்தாரு பாவம்."

அந்தச் செடியின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். ஏற்கெனவே ஒருமுறை எழுதியதே போதும்.

ஹேமாவதி கண்டது இது. சோதனைக் குழாயில் வைத்துப் பார்த்தபோது, விரியன் நஞ்சில் இருக்கும் ஒரு நொதியின் வேகத்தை அந்தச் சாறு ஓரளவு மட்டுப்படுத்தியது. நஞ்சு ஏற்றிய எலிகளுக்குக் கொடுத்தபோது ஒன்றும் செய்யவில்லை.

"குடுத்த எலியும் செத்துப்போச்சு, குடுக்காத எலியும் செத்துப்போச்சு சார். எங்க கைடுக்கு மூஞ்சி தொங்கிடுச்சு. எனக்கு என்னமோ திருப்தியாத்தான் இருந்துது. இத்தன காலமா ஜனங்க நம்பினு இருந்தத ஒருத்தராவது பாத்துட்டோம்ல? ஜர்னல்ல போட்டா எனக்கு வேலை கெடைக்கும். அந்தப் பக்கத்துல கடிபடறவங்களுக்கு இது தமிழ்ல வந்தாத்தான் சார் பிரயோஜனம்."

நான் எழுதிக் கொடுத்த வரைவு சரியாகவே இருந்தது. செடியின் சாறு சோதனைக் குழாயில் நஞ்சின் ஒரு கூறை ஓரளவு மட்டுப்படுத்துகிறது என்பது முதல் வாக்கியம். எலிகளை அது காப்பாற்றவில்லை என்பது அடுத்தது. பாம்பு கடித்தவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், இந்தச் சாற்றை நம்பி நேரத்தைக் கழிக்கக் கூடாது என்பது கடைசி வரி. அந்தக் கடைசி வரியை ஹேமாவதி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் ஜன்னலோரம் நின்று படித்தார். முதல் வாக்கியம் முடிந்ததும், "பிரமாதம்ப்பா. உங்க ஊரு வேற" என்றார். இரண்டாவதில் நின்றார். வழக்கம்போலப் பார்த்தார். நான் வழக்கமான பதிலைச் சொல்லாமல், "சார், இது உயிர் சம்பந்தப்பட்டது" என்றேன். அவர் கோபப்படவில்லை. தன் பேனாவை மூடி கழற்றி என் கையில் கொடுத்தார்.

"நான் வெட்டல. நீ பாத்து என்ன பண்ணணுமோ பண்ணு. வேதியியல் படிச்சவன் நீதான்."

அந்த அறையில் என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பேனா என் கையில் இருந்தது. துணை ஆசிரியர் பதவி உயர்வு அப்போது நிலுவையில் இருந்தது, அதனால் பயந்தேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் முழு உண்மை இல்லை. எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் நல்ல விதமாக வரப்போகிறது என்ற ஆசை. கிருத்திகைக் கூட்டத்துக்கும் விபத்துக்கும் தவிர எங்கள் ஊரைப் பற்றி எவன் எழுதுகிறான்? அந்த அற்ப ஆசையில் எலிகளை வெட்டினேன். மருத்துவமனையை வெட்டினேன். சோதனைக் குழாய் என்றால் வாசகருக்குப் புரியாது என்று அதையும் எடுத்தேன். 'ஓரளவு' இருந்தால் வாக்கியம் நொண்டுகிறது என்று அதையும். மேலே தலைப்பு எழுதினேன்: 'திருத்தணி வட்டார மூலிகையில் பாம்பு விஷ முறிவு ஆற்றல்: பல்கலைக்கழக ஆய்வில் கண்டுபிடிப்பு'.

நல்ல தலைப்பு. பல பத்திரிகைகள் அதை அப்படியே போட்டன. ரயில் நிலைய மேடையில் முகம் தெரியாதவர்கள்கூட வந்து கை கொடுத்தார்கள். மலையடிவாரத்துச் சலூனில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார்கள். அந்த வாரம் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

ஹேமாவதி பேப்பரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"நா கையெழுத்துப் போட்டது இதுக்கா சார்?"

"இடம் பத்தலம்மா."

"இடம் பத்தலன்னா என் பேர வெட்டியிருக்கலாமே? என் கைடு பேர வெட்டியிருக்கலாமே? உங்க யூனிவர்சிட்டி பேரே ஒன்னரை வரி இருக்குது, அத்த வெட்டியிருக்கலாமே சார்?"

ஹேமாவதி அங்கேயே உட்கார்ந்து ஒரு மறுப்பு எழுதினார். இயக்குநரிடம் கூட்டிப்போனேன். அவர் அதைப் பொறுமையாகப் படித்தார்.

"அம்மா, நம்ம செய்திக்கு நாமளே மறுப்பு குடுத்தா அடுத்த செய்திய எவன் போடுவான்? உன் தீசிஸ்ல உண்மை அப்படியே இருக்கில்ல? அது போதும். பேப்பர்ல வந்தத நாளைக்கு எல்லாரும் மறந்துடுவாங்க."

ஹேமாவதி அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். அந்த மறுப்பு என் இழுப்பறையிலேயே கிடந்தது. அதை ஒரு உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். ரயில் நிலையத்துக்குப் போகிற வழியிலேயே தபால் பெட்டி இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் போனேன். பட்டம் வாங்கியதும் ஹேமாவதி வெளிமாநிலத்தில் வேலைக்குப் போய்விட்டார். ஆய்வேடு நூலகத்து அலமாரியில் உண்மையோடு பத்திரமாக இருக்கிறது. மருத்துவப் பகுதிக்கு ஏதாவது வேண்டுமே என்று எங்கள் தொகுப்பு நூல்கள் என் குறிப்பைத் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டன.

இயக்குநர் காலமானார். நானும் ஓய்வு பெற்றேன். ஒரு மழைக்காலத்துக் காலையில் ரத்த அழுத்த மாத்திரை வாங்க எங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். ஒரு ஷேர் ஆட்டோ உள்ளே வந்து நின்றது. நாற்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கால் தொடைவரை வீங்கியிருந்தது. ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கூட வந்தவர்கள் அவளுடைய புருஷனும் பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த மகளும்.

பணியில் இருந்த இளம் மருத்துவர் ஓடிவந்தார். "எப்பங்க கடிச்சுது?"

"நேத்து மேடம். கல்லக்கா செடி புடுங்கறப்ப."

"நேத்தா? இவ்ளோ நேரம் எங்க வெச்சிருந்தீங்க?"

"வைத்தியராண்ட மேடம். சாறு குடுத்தாரு, சரியாப் பூடும்னாரு. அது யூனிவர்சிட்டில கண்டுபுடிச்ச மருந்து மேடம். பேப்பர்லயே போட்டுக்கீறாங்க. காட்டும்மா, காட்டு."

மகள் கைப்பேசியை நீட்டினாள். "அதெல்லாம் அப்புறம் பாக்கலாம், நகரும்மா" என்று மருத்துவர் உள்ளே போய்விட்டார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். சுவரில் மாட்டிய ஒரு பேப்பர் துண்டைப் படமெடுத்து வைத்திருந்தாள். என் தலைப்பு. என் வாக்கியம், ஒரு சொல் மாறாமல்.

விஷமுறிவு ஊசி போட்டார்கள். செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்து, ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். காலம் கடந்துவிட்டிருந்தது. அவள் பிழைக்கவில்லை என்பதை அடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது தெரிந்துகொண்டேன். பெயர் தேசம்மா. புருஷன் எத்திராஜ், ஆர்.கே.பேட்டை பக்கம் கூலி வேலை.

அந்த வாரமே டவுன் பஸ் பிடித்து வைத்தியர் வீட்டுக்குப் போனேன். சுவரில் சாமி படங்களுக்கு நடுவே என் செய்தி, கண்ணாடிச் சட்டம் போட்டு, பொட்டு வைத்து மாட்டியிருந்தது. இதை எழுதியவன் நான்தான், இது தவறு, கழற்றிவிடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தப்ப நீங்க எழுதிட்டு என்னாண்ட வந்து ஏன் சார் கேக்கறீங்க? முன்னல்லாம் நா சாறு குடுத்துட்டு கையோட பஸ் ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன். எங்க நைனா காலத்துல மாட்டு வண்டி. சாறு தெம்புக்கு, ஊசி வெஷத்துக்குன்னு சொல்லித்தான் அனுப்புவாரு. இது பேப்பர்ல வந்தப்பறம்தான், யூனிவர்சிட்டியே சொல்லிடிச்சே, அப்பறம் எதுக்கு ஜனங்கள அலைய வெக்கணும்னு இங்கயே வெச்சிக்க ஆரம்பிச்சேன்."

அவர்கள் தலைமுறையாகச் செய்துவந்த சரியான காரியம் ஒன்று இருந்தது. அதை நிறுத்தியது எங்கள் பல்கலைக்கழகம்.

"கழட்டிடுங்க, பெரியவரே."

"நீங்க ஒரு ஆளு வந்து சொல்றீங்க. இது யூனிவர்சிட்டி சொல்லுது. வேணும்னா இது தப்புன்னு இன்னொரு பேப்பர் கொண்டாங்க. இத்த கழட்டிட்டு அத்த மாட்டறேன். போறீங்களா, வேலை கீது."

அந்த இன்னொரு பேப்பரை நான் கொண்டுபோகவில்லை. கொண்டுபோவதென்றால் வெட்டியது யார் என்று அதில் எழுத வேண்டியிருக்கும். மாத்திரை போட்டுக்கொண்டு, மாலையில் நடைப்பயிற்சி செய்துகொண்டு, கௌரவமான ஓய்வூதியக்காரனாக வாழ்ந்தேன். எத்தனை மழைக்காலம் போனது, எத்தனை பேர் அந்தச் சுவரைப் படித்தார்கள், எனக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை.

இப்போது நிவேதா அனுப்பிய அச்சுப்படியில் அதே செய்தி. 'மக்களின் வாழ்வை மாற்றிய ஆய்வுகள்' என்ற தலைப்பின் கீழே. கைப்பேசிக்குக் கைப்பேசி பரவ வசதியாக வண்ணப் படத்தோடு. உடனே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். பதறிப்போனார். நாலைந்து நாள் கழித்து அழைத்தார்.

"கமிட்டில பேசிட்டேன் சார். அந்தப் பக்கத்தையே எடுத்துடறாங்க. பிரச்சனை முடிஞ்சுது சார்."

"எடுத்தா போதாதும்மா. தப்புன்னு போடணும். வெட்டுனது எந்த வரி, ஏன்னு போடணும்."

"விழா மலர்ல எப்படி சார் போடறது? மினிஸ்டர் வெளியிடறார்."

"மினிஸ்டர் ஊர்ல பாம்பு கடிக்காதா?"

நிவேதா குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குப் புரியுது சார். ஆனா என்னை இன்னும் நிரந்தரம் பண்ணல சார்" என்றார்.

நான் என்ன சொல்வது? அந்தப் பதிலை நான் கண்டுபிடித்து வைத்துவிட்டு வந்த இடத்தில்தானே அவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தக் கமிட்டிக்குச் சொல்கிறேன். பேராசிரியர்களே, ஒரு பக்கத்தைச் சத்தமில்லாமல் உருவிவிட்டால் சுவரில் மாட்டியது கீழே விழுந்துவிடாது. எலி செத்தது என்று தெரிந்துகொண்டதுதான் உங்கள் பல்கலைக்கழகம் எங்கள் வட்டாரத்துக்குச் செய்த பெரிய உதவி. அதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்துக்கு நாங்கள் பொன்னாடை போர்த்தினோம். இப்போது மிச்சத்தையும் தூக்கி எறிந்துவிட்டுக் கை கழுவுகிறீர்கள்.

ஹேமாவதியின் எண்ணைத் தேடிப் பிடித்தேன். இப்போது பேராசிரியர். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மன்னிப்பு கேக்க போன் பண்ணீங்களா, வேலையா பண்ணீங்களா?"

"ரெண்டுத்துக்கும்தாம்மா."

"வேலைய முடிங்க மொதல்ல. மறுப்புல என் பேரு வரட்டும். செத்துப்போனவங்க பேரப் போடறதுன்னா அவங்க வீட்டுல கேட்டுட்டுப் போடுங்க. என்னைக் கேக்காம செஞ்ச மாதிரி செஞ்சுடாதீங்க."

ஆகவே, ஹேமாவதியின் ஒப்புதலோடு, வைத்தியர் கேட்ட பேப்பர் இதோ. வெட்டி எடுத்து மாட்டிக்கொள்ளலாம்: திருத்தணி வட்டாரச் செடி பாம்பு விஷத்தை முறிக்கும் என்று வந்த செய்தி தவறு. ஹேமாவதியின் ஆய்வில் அந்தச் சாறு ஓர் எலியைக்கூடக் காப்பாற்றவில்லை. பாம்பு கடித்தால் ஒரு நிமிடமும் வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பெயர் கேட்க எத்திராஜைத் தேடிப் போனேன். கரும்புத் தோட்டத்து வரப்பில் நின்றிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையில் இருந்த கத்தியின் முனையால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"நா படிக்காதவன் சார். எனக்கு உங்க பேப்பரும் தெரியாது, யூனிவர்சிட்டியும் தெரியாது. ஆஸ்பத்திரிக்குத்தான் போலாம்னேன். ஆட்டோவும் வந்துகினு இருந்துது. எம் பொண்ணு மோகனாதான், 'நைனா, ஆஸ்பத்திரி தூரம், வைத்தியரு கிட்ட கீறாரு, அவரு வூட்ல பேப்பர்லயே போட்டுக்கீது, நானே படிச்சேன்'னா. படிச்ச புள்ள சொல்லுதேன்னு போனேன்."

கத்தி நின்றது.

"அன்னியோட சரி சார். புஸ்தகத்தத் தொடல. காலேஜுக்குப் போவேன்னுகினு இருந்தவ. பொதட்டூர்பேட்டையில தறிக்காரனுக்குக் கட்டிக் குடுத்தேன். அங்க மாமியாக்காரி வாயத் தொறந்தா, 'படிச்சி பெத்தவளக் கொன்னவ'ன்றாளாம். எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? அவகிட்ட போயி சொல்லுங்க."

நான் திரும்பியபோது பின்னாலிருந்து கூப்பிட்டார். "பேரு போட்டுக்கங்க. எத்திராஜ் பொண்டாட்டின்னு சேத்துப் போடுங்க. ஊர்ல ரெண்டு தேசம்மா கீறாங்க."

மோகனாவின் வீட்டில் முன்கட்டு முழுக்க விசைத்தறி. தறியில் லுங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவள் தறியை நிறுத்தவில்லை. நான் அந்தச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திச் சொன்னேன். மருத்துவமனையில் நின்றது, செய்தியை எழுதியது, கடைசி வரியை வெட்டியது. அவள் அறுந்த இழையை முடிந்தாள். குறுக்கிழை ஓட்டும் மாற்று நாடாவில் நூல் போட்டு வைத்தாள். நான் முடித்த பிறகுதான் சுவிட்சை அணைத்தாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்."

"கேக்கலையாம்மா?"

"எனக்குக் கேட்டுது." வாசல் பக்கம் திரும்பினாள். "அத்தே! இங்க வாங்க. அவரையும் கூட்டினு வாங்க."

"இன்னாடி, தறிய நிறுத்திட்டு?" என்று கேட்டுக்கொண்டே மாமியார் வந்தார். பின்னால் புருஷன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் எட்டிப் பார்த்தாள். "ஆங், நீங்களும் வாங்க்கா" என்றாள் மோகனா. "இவரு யூனிவர்சிட்டியில வேலை செஞ்சவரு. ஒண்ணு சொல்றாரு, கேளுங்க."

சொன்னேன். இந்த முறை தறிச் சத்தம் இல்லை. என் குரல் எனக்கே கேட்டது. மாமியார் கடைசிவரை கேட்டுவிட்டு, "பாத்தா பெரிய மனுஷனாட்டம் கீறீங்க. இத்தச் சொல்ல இத்தினி வருசமா?" என்றார். மகனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மோகனா அழுவாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதற்கும் தயாராகப் போயிருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"இது பேப்பர்ல வருமா சார்?"

"வரும்மா."

"அப்ப அத்தப் படிச்சது நாந்தான்னு போடுங்க. எங்கம்மா பேரப் போட்டா எம் பேரயும் போடணும். நா சரியாத்தான் படிச்சேன்னு போடுங்க."

மறுபடி தறியை ஓட்டத் தொடங்கிவிட்டாள்.

போட்டுவிட்டேன், மோகனா. நீ சரியாகத்தான் படித்தாய். ஓர் எழுத்துகூடத் தப்பாகப் படிக்கவில்லை. அங்கே அப்படித்தான் எழுதியிருந்தது, அப்படி எழுதியவன் நான். இதை நீ படிக்க வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். உன் மாமியாருக்கு யாராவது உரக்கப் படித்துக் காட்டட்டும்.